மூன்று கேள்வி: கெஸியா சிஸ்டருக்கு நீர்க்கம்பை எஸ்டேட் வாசித்தளிப்பது

மலைச்சரிவெங்கும் மஞ்சு மூடிக் கிடந்தாலும், மனிதர் சொல்லில் மூடிக் கிடப்பதை முதலில் கண்டுகொள்ளும் மதிநுட்பமே! காய்ச்சிய தண்ணீரையும் கொதி வந்ததா என்று கேட்டே கையில் வாங்கும் கூர்மையே! அன்பைக் கரத்திலும் ஐயத்தைக் கண்ணிலும் வைத்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஆறு கட்டில்களையும் அவற்றில் வந்து படுத்தவர்களையும் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமைச் செவிலியர் திருமதி கெஸியா ஜஸ்டஸ் அவர்களே! வணக்கம்.

கருணைக் கடலே, பொறுமைப் பூமியே என்றெல்லாம் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தோம். இரண்டு வரி எழுதியதும் கம்பவுண்டர் ஸ்டெபின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். இதை வாசித்தால் சிஸ்டர் மேடையிலேயே எழுந்து கேட்பார்கள் என்றார். என்ன கேட்பீர்கள் என்று எங்களில் யாருக்குத்தான் தெரியாது? வயிற்று வலி என்று வந்தவரிடமும், வாக்குக் கேட்டு வந்தவரிடமும், மேனேஜர் வீட்டு நாய் கடித்தது என்று ஓடி வந்தவரிடமும் தாங்கள் கேட்டது அந்த மூன்றே கேள்விதான்.

"யாருங்க சொன்னது? யாருங்க பாத்தது? எத்தன மணிக்கு?"

ஆகவே, ஐயம் தெளிந்த பின்னரே அடியெடுத்து வைக்கும் அம்மையே, இந்த மடலில் கேள்விப்பட்டது எதுவும் இல்லை. கண்டவர் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறோம். மணி தெரிந்த இடத்தில் மணியும் குறித்திருக்கிறோம்.

தங்கள் சந்தேகத்துக்கு அஞ்சாதவர் இந்த மலையில் இல்லை. லீவுக்காகத் தெர்மாமீட்டரைச் சூடான டீ டம்ளரில் முக்கி வைத்த ஒருவரை (அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்) தாங்கள் ஏற இறங்கப் பார்த்துச் சொன்ன சொல்லை தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "நூத்தி எட்டு டிகிரி இருக்குதுங்க. இந்நேரம் நீங்க போய்ச் சேந்திருக்கோணும். லீவு எதுக்கு, நேரா அடக்கத்துக்கே சொல்லி அனுப்பட்டுங்களா?" அவர் அன்று மதியமே வேலைக்குப் போனார். இலவச சத்து மாவு கொண்டுவந்த கம்பெனிக்காரரை, முதலில் அவரே ஒரு டம்ளர் குடிக்கட்டும் என்று உட்கார வைத்ததும் தாங்கள்தான். அவர் குடிக்கவில்லை; மாவோடு திரும்பிப் போனார்.

இவையெல்லாம் சிரிக்கச் சொன்னவை. சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லவே இந்த மடல்.

நம் ஃபேக்டரியில் அரைத்த கொழுந்தைப் பரப்பிப் பதம் வர வைக்கும் அறைக்கு இருபது ஆண்டுகள் மூக்காக இருந்தவர் ஆறுச்சாமி. பச்சை வாடை போய்ப் பழ வாசம் ஏறும் அந்த ஒரு நொடியில், "எடுங்க" என்று அவர் ஒரு சொல் சொல்வார். இலை உலர்த்தும் அடுப்புக்குப் போகும். நொடி முந்தினால் தேயிலை கசக்கும், பிந்தினால் புளிக்கும். கடிகாரம் பார்த்து வேலை செய்கிறவர்களை அவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மாதத்தில் நான்கு முறை இலை புளித்தது. ஆறுச்சாமி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றது ஃபேக்டரி. அவர் மனைவி, கொழுந்து பறிக்கும் கருப்பம்மாள்கூட, கணவர் தூங்கும்போது வாயை முகர்ந்து பார்த்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

தாங்கள் ஒருவர்தான் அதை நம்பவில்லை. சளி மாத்திரை வாங்க வந்தவரை நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே ஒரு பஞ்சை நீட்டினீர்கள். தேங்காய் எண்ணெயா என்று கேட்டார் அவர். அது நீலகிரித் தைலம். இந்த மலையில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்துத் தெரிந்த வாசம் அது. அவருடைய மூக்கு போய் வெகு நாளாகியிருந்தது. கூட நிற்பவர்களின் முகம் மாறுவதைப் பார்த்தே "எடுங்க" சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு தாங்கள் மருந்துச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். இரண்டு ஆண்டுகளில் அவருடைய கையெழுத்து கடுகுபோல் சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினீர்கள். பார்க்கின்சன் என்று பெயர் வந்தது. உடம்பின் அசைவை ஒழுங்காக நடத்தும் சுரப்பு ஒன்றைத் தருகிற மூளைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாய் மாய்ந்துபோகும் நோய். குடி இல்லை என்று கேட்ட சந்தோஷத்தில், நோய் என்று கேட்டதற்கு அழ கருப்பம்மாளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஃபேக்டரிச் சங்கு ஊதும்போதெல்லாம் ஒரு மாத்திரை என்று தாங்கள் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். சங்குக்கு ஒன்றாக விழுங்கி, ஃபேக்டரி வாசலருகே கொழுந்து எடை பார்க்கும் வேலையில் அவர் ஐந்தாண்டு ஓட்டினார். கை நடுங்கினால் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். ஆனால் பதம் அறைப் பக்கம் மட்டும் போக மாட்டார். போனால் எல்லோரும் மூச்சை இழுப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படி இருக்கையில், சென்ற ஆண்டு ஆடி மழையில் ஒரு ஜீப் வந்தது.

சமவெளியில் ஏதோ ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து என்று சொல்லிக்கொண்டு, வெள்ளைக் கோட்டு அணிந்த ரெனிஷ் என்பவர் நம் மனமகிழ் மன்றத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். படத்தில் இதே நோய் கண்ட ஒரு பெரியவர் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல் நின்றார். அடுத்த படத்தில் அதே பெரியவர் கைவீசி நடந்தார். நடுவில் மூன்று மாதமும் ஒரு ஸ்டெம் செல் ஊசியும் மட்டுமே என்றார் ரெனிஷ். ஸ்டெம் செல் என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன உவமையைக் கேட்டு மன்றமே மயங்கியது. "டீச்செடிய கவாத்து வெட்டறீங்க. மொட்டையா நிக்குது. அப்பறம் தன்னால துளிர்க்குதில்லீங்களா? அந்தத் துளிர் மாதிரி செல்லுங்க இது. எங்க பட்டுப்போச்சோ அங்க போய்த் துளிர்க்கும்."

கை தட்டினோம். தட்டியவர்களில் இந்த மடலில் கையொப்பமிட்டவர்கள் பலர் உண்டு. ஆறுச்சாமி தட்டவில்லை, எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, மூக்கும் வருமுங்களா?"

வரும் என்றார் ரெனிஷ். யோசிக்கவே இல்லை.

அந்த வேகம்தான் தங்களைப் பின்வரிசையிலிருந்து எழுப்பியது. ஊசி எங்கே போடுவீர்கள் என்று கேட்டீர்கள். கை நரம்பில், சிலருக்கு முதுகில் என்றார். சீக்கு இருப்பது மண்டைக்குள் அல்லவா என்றீர்கள். செல்லுக்கு வழி தெரியும் மேடம் என்று அவர் புன்னகைத்தார்.

"குன்னூர் பஸ்ல ஏறுனாக்கூட கண்டக்டர் எங்க எறங்கோணும்னு கேப்பாருங்க. உங்க செல்லு கேக்காமயே போயிருமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அரசாங்கத்தில் பதிவான ஆய்வு என்றால் அதற்கு ஒரு பதிவு எண் இருக்குமே என்று கேட்டீர்கள். ரெனிஷ் தன் செல்பேசி எண்ணைச் சொன்னார். மன்றம் தங்களைத்தான் முறைத்தது. கிடைக்கிற வழியையும் அடைக்கிறார்களே என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்ததும் உண்மை. தாங்கள் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனீர்கள்.

ஆறுச்சாமிக்கு அன்றிரவு தூக்கமில்லை. அவரை ஊசிக்கு அழைத்துப்போக அடுத்த திங்கட்கிழமை ஜீப் வரும். அதற்கு முன் வெள்ளிக்கிழமையிலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று ரெனிஷ் தனியே சொல்லியிருந்தார். பழைய மருந்து உடம்பில் இருந்தால் புதுச் செல் ஒட்டாதாம். சேமநிதிப் பணத்தை வாங்கிச் சிகிச்சைக்குக் கட்ட, எஸ்டேட் வேலையிலிருந்து பெயரை வெட்டிக்கொள்கிறேன் என்று ஆபீஸ் கிளார்க் இந்துவிடம் ஆறுச்சாமி கடிதமும் கொடுத்தார். பெயர் வெட்டினால் லைன் வீடும் போய்விடும் என்பது கேட்பவருக்கெல்லாம் தெரியும். அவருக்கும் தெரியும். மூக்கு வந்தால் எந்த ஃபேக்டரியும் கூப்பிடும் என்று நினைத்தார்.

தங்களைப் பற்றியும் ஒன்று நினைத்தார். சிஸ்டருக்குப் பொறாமை என்று. அஞ்சு வருஷமாகத் தன் கையிலிருந்து மாத்திரை வாங்கியவன் இனி வர மாட்டானே என்ற பொறாமை. அதைக் கருப்பம்மாளிடம் சொன்னார். கருப்பம்மாள் குழாயடியில் சொன்னார். குழாயடியிலிருந்து அது எங்களிடம் வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், சிஸ்டர். நாங்களும் இருக்குமோ என்று நினைத்தோம். முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சந்தேகிக்கக் கற்றுத் தந்தவரை ஒரு வாரம் சந்தேகித்துப் பார்த்தோம்.

அந்த வாரத்தில் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை ஸ்டெபின் பிறகுதான் சொன்னார். ரெனிஷ் எல்லோருக்கும் அனுப்பிய அதே படத்தை ஸ்டெபினின் செல்பேசியில் வாங்கி, மருந்து அறையில் உட்கார்ந்து, ஓட்டி ஓட்டிப் பார்த்தீர்கள். ஆறுச்சாமி மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று கருப்பம்மாள் வந்து சொன்னதும், கோயம்புத்தூர் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்து அரை மணி நேரம் கேட்டீர்கள். ஸ்டெம் செல் என்பது பொய்யில்லை என்றார் அவர். சில நாடுகளில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களை, மண்டை ஓட்டில் துளையிட்டு, மூளையில் குறித்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறார்கள். மிகச் சிலருக்கே செய்திருக்கிறார்கள். நம்பிக்கை தருகிறது, ஆனால் இன்னும் சோதனைதான். கை நரம்பில் ஊசி போட்டு அனுப்புகிற வைத்தியம் அதன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்ட வேறு ஏதோ ஒன்று. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு கட்டையாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொன்னார். தாங்கள் பதறிக்கொண்டு ஓடவில்லை. ஆபத்து வந்தால் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு ஓடினீர்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குக் கட்டிய சேலையோடு, காலை ஏழு ஐந்துக்கு, ஸ்டெபினையும் அழைத்துக்கொண்டு ஆறுச்சாமி வீட்டு வாசலில் நின்றீர்கள்.

மாத்திரை இல்லாமல் இரண்டு நாள். ஆறுச்சாமி கட்டிலில் பலகைபோல் கிடந்தார். புரண்டு படுக்கக் கருப்பம்மாள்தான் தள்ளிவிட வேண்டும். எச்சில் விழுங்கவும் யோசிக்க வேண்டியிருந்தது. தங்களைப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம். அதைக் காட்டக்கூட முகம் அசையவில்லை.

"நாளைக்குப் போறனுங்க. தடுக்காதீங்க."

தடுக்க வரவில்லை என்றீர்கள். காய்ச்சல் இருக்கிறதா, நாடி எப்படி, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தீர்கள். பிறகு சொன்னதைக் கேட்டு ஸ்டெபினே திகைத்தார். "அவங்களுக்கு ஊசிக்கு முன்னால ஒரு படம் வேணுமில்லீங்க? அத நாமளே எடுத்துருவோம்."

சுவர்க் கடிகாரம் தெரியும்படி செல்பேசியைப் பிடிக்கச் சொன்னீர்கள். இரண்டு பேர் தாங்கி நிறுத்தியும், ஆறுச்சாமியின் கால் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ரெனிஷ் காட்டிய பெரியவரின் கால் நின்றதே, அதேபோல. மணி ஏழு இருபது.

"இப்ப இந்த ஒரு மாத்திரையப் போட்டுக்கோங்க. டாக்டரக் கேட்டுட்டுத்தான் தர்றேன். ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்திருக்கறேன். அதுக்கப்பறமும் போகோணும்னா, நாளைக்கு ஜீப்புல நானே ஏத்தி உடறேன்."

அவர் நம்பவில்லை. ஜெபப் புத்தகத்தைத் தொட்டுச் சொல்லச் சொன்னார். தொட்டுச் சொன்னீர்கள். அதன் பிறகுதான் வாய் திறந்தார். கருப்பம்மாள் வைத்த கடுங்காப்பி ஆறியது, தாங்கள் குடிக்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எட்டு ஐந்துக்கு அவருடைய விரல் பிரிந்தது. எட்டுப் பதினைந்துக்குத் தானே எழுந்து, நிலைப்படியைத் தாண்டி, குழாயடி வரை போய்த் திரும்பி வந்தார். வரும்போது கை வீசிக்கொண்டு வந்தார். தோள் மட்டும் காற்றில் ஆடும் கிளைபோல லேசாக ஆடியது. ஸ்டெபின் அதையும் படம் எடுத்தார்.

நான்கு பேரும் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். முதலில் ஆறுச்சாமியின் இரண்டு படங்கள். அடுத்து ரெனிஷின் இரண்டு படங்கள். அந்தப் பெரியவரின் தோளும் அப்படியே ஆடியது. மாத்திரை ஏறிய உடம்பு அப்படி ஆடுவதைத் தாங்கள் ஐந்தாண்டுகளாக ஆறுச்சாமியிடமே பார்த்திருக்கிறீர்கள். பிறகு பெரியவரின் சட்டையைச் சுட்டிக் காட்டினீர்கள். நடுங்கும் கை போட்ட பொத்தான்; இரண்டாவது பொத்தான் மூன்றாவது துளையில் மாறிப் போயிருந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்ததாகச் சொன்ன படத்திலும் அதே சட்டை, அதே பொத்தான், அதே துளை.

"மூணு மாசங்களா, முக்கா மணி நேரங்களா? நீங்களே சொல்லுங்க."

கருப்பம்மாள்தான் முதலில் பேசினார். "கவாத்து வெட்டுனா துளிர்க்கும்னானே அந்த ஆளு. கீழ வேரு இருந்தாத்தானே துளிர்க்கும். முப்பது வருஷமாக் கொழுந்து கிள்ளறேன், அன்னிக்கு இது தோணுச்சா பாரு."

பொய்யைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சி ஆறுச்சாமியின் முகத்தில் இல்லை. பிடிபட்ட பொய்யோடு சேர்ந்து போனது அவருடைய நம்பிக்கை அல்லவா? கடைசியில் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப மூக்குங்க?"

எங்கள் சிஸ்டரே! ஆறுதல் சொல்வது அந்த நேரத்தில் எவ்வளவு எளிது! பார்க்கலாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவரும் நம்பியிருப்பார், தங்களுக்கும் கெட்ட பெயர் தீர்ந்திருக்கும். தாங்கள் சொன்னதை ஸ்டெபின் ஓர் எழுத்து மாறாமல் எங்களுக்குச் சொன்னார்.

"மூக்கு வராதுங்க. வரும்னு யாராவது சொன்னா, மொதல்ல அவங்களச் சந்தேகப்படுங்க. நான் சொன்னாலும்."

மறுநாள் காலை ஜீப் வந்து ஆபீஸ் முன்னால் நின்றது. ஆறுச்சாமி சங்குக்கு மாத்திரை விழுங்கிவிட்டு, அதைக் கடந்து ஆபீசுக்குள் போய், இந்துவிடம் தன் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். கடிதம் மேனேஜர் மேசைக்குப் போகவே இல்லை. திங்கட்கிழமை மதியம் வரை அதை இழுப்பறையில் வைத்திருக்கும்படி தாங்கள் இந்துவிடம் முன்னமே சொல்லியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை தங்களுக்குத் தங்கள் மீதே முழு நம்பிக்கை இல்லை போலும்! ரெனிஷ் அரை மணி நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அந்தத் தம்பிக்கே உண்மை தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒருவர் பரிந்து பேசியபோது, இருக்கலாம், ஆனால் அதையும் உடனே நம்பிவிட வேண்டாம் என்றீர்கள்.

நான்கு படங்களும் இன்று பந்தலூர், சேரங்கோடு வரை எஸ்டேட் ஆஸ்பத்திரிகளின் செல்பேசிகளில் சுற்றுகின்றன. ஆறுச்சாமிதான் அனுப்பச் சொன்னார், தன் முகம் தெரிந்தாலும் பரவாயில்லை என்று. நோய் போகவில்லை. கூடியுமிருக்கிறது. இப்போது சங்குகளுக்கு நடுவிலும் அவருக்கு ஒரு மாத்திரை வேண்டியிருக்கிறது. ஆனால் லைன் வீட்டில் விளக்கெரிகிறது; எடைமேடையில் அவருடைய குரல் கேட்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாங்கள் கோயம்புத்தூருக்கு அழைத்து, அந்த உண்மையான ஆய்வு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டு அவருக்குச் சொல்கிறீர்கள். நிஜமானது வரட்டும், வந்தால் நானே கூட வருகிறேன், அங்கேயும் மூன்று கேள்வி கேட்பேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாக்கு பணி ஓய்வோடு முடிவதில்லை என்பதை இந்தச் சபையில் எழுத்தில் பதிக்கிறோம்.

ஓய்வறியாத உள்ளமே! பெர்ன்ஹில்லில் மகள் வீட்டில் இனி தாங்கள் குடியிருக்கப் போகிறீர்கள். நூறாண்டு வாழ்க என்றால் யார் சொன்னது என்பீர்கள். ஆதலால், சர்க்கரை ஏறாமல், முழங்கால் நோகாமல், தங்களிடம் பொய் சொல்லத் துணிகிறவர் ஒருவராவது நாள்தோறும் வாசலுக்கு வந்து தங்கள் கூர்மை துருப்பிடிக்காமல் காக்க, நெடுங்காலம் நலமாய் வாழ்க என்று வேண்டுகிறோம். இம்மடலுக்குச் சட்டம் தயார். ஆனால் ஆணி அடிக்கவில்லை. தாங்கள் வரிவரியாய்ப் படித்து, தவறு என்று பட்டதை அடித்துத் தந்த பிறகே கண்ணாடி போடுவோம்.

இவ்வண்ணம்,
தங்களை ஒரு முறைக்கு மேல் சந்தேகிக்காத,
நீர்க்கம்பை எஸ்டேட் ஆஸ்பத்திரி, ஃபேக்டரி, ஆபீஸ் பணியாளர்கள்.

முதல் கையொப்பம்: சி. ஆறுச்சாமி, கொழுந்து எடைமேடை. இந்தத் தாளில் எல்லாவற்றிலும் பெரிய கையெழுத்து அதுதான். மாத்திரை போட்டது இன்று காலை எட்டு மணிக்கு. கையெழுத்திட்டது எட்டு ஐம்பதுக்கு. பார்த்தவர் கருப்பம்மாள். இருவரும் கதவோரம் நிற்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.